பூட்டகேஸ்

புகார்தாரர் கஜபதி, வயது எழுபத்தொன்று.
பட்டாளம் மணிக்கூண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து,
கதவு எண் அழிந்துவிட்டது.
எதிரி தேசிங்கு. அவரும் வந்திருந்தார்,
அதே மீன்பாடி வண்டியில்,
புகார்தாரரை முன்னால் குந்தவைத்து.

"நட்ட நடு ரோட்டுல, நாலு பேரு பாக்க
என்னைப் பூட்டகேஸுன்னுட்டாம்மா. எழுது."

எழுதினேன். நான் தென்காசிக்காரி,
இந்த ஸ்டேஷனுக்கு வந்து ஏழு மாதம்.
பூட்டு தெரியும், கேஸ் தெரியும்,
இரண்டையும் சேர்த்தால் களவு.
எஸ்.ஐ. எட்டிப் பார்த்தார், ஓசூர்ப் பையன்:
"எந்த வீட்டுப் பூட்டு? என்ன போச்சு?"

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்,
காலையிலிருந்து முதல் தடவையாக.

"பூட்டு இல்ல சார், பூட்ட. போய்ட்ட.
தேறாத கேஸு," என்றார் எதிரி.
"தாராந்துட்ச்சின்னு சொல்லுவோமே, அந்த மாதிரி,"
என்று உதவிக்கு வந்தார் புகார்தாரர்.
"அப்படின்னா?"
"அம்பேல்."
"அப்படின்னா?"
"இன்னாடா இது, படா பேஜாரா கீது."
எஸ்.ஐ. செல்போனில் தேடினார்.
திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடை வந்தது.
ஞாயிறு விடுமுறை.

கெட்ட வார்த்தையா என்று கேட்டேன்,
எந்தப் பிரிவு போடுவதென்று எனக்குத் தெரிய வேண்டும்.
யோசித்தார்கள்.
மில்லு கேட்டில் ஒருவன் அதைச் சொல்லி
இன்னொருவன் பல்லு போன கதை வந்தது.
"அப்ப வார்த்தைக்கு வெயிட்டு இருந்துச்சு," என்றார் தேசிங்கு.
"பல்லும் இருந்துச்சு," என்றார் கஜபதி.
இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம்
வழக்கு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

சொன்னது சொன்னபடி முழுதாகச் சொல்லுங்கள் என்றேன்.
கஜபதி சொல்லவில்லை.
மேசைமேல் இருந்த என் ஸ்டாம்ப் பேடைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
தேசிங்குதான் சொன்னார்.
இவன் பாட்டுக்குக் குறுக்கே வந்தான்,
பிரேக்கு புடிச்சேன், கத்துனேன்:
"வூட்ல சொல்லிகினு வந்தியாடா, பூட்டகேஸு?"

"அத்த எழுதாதம்மா," என்றார் கஜபதி.
"பூட்டகேஸு மட்டும் எழுது,
முன்னாடி கீறத வுட்டுடு."

முன்னால் இருப்பதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லையே
என்று பேனாவால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"ஐப்பசிலேர்ந்து
பூட்டுறதும் நான்தான், தொறக்குறதும் நான்தான்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
எஸ்.ஐ. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"லாரி ஓட்டுன வாயிடா இது," என்றார் தேசிங்கு,
என்னைப் பார்த்து, அவரைப் பார்க்காமல்.
"ரோட்ல போற எவனையும் அப்படித்தாம்மா கேப்போம்.
எவனா இருந்தாலும் அவனுக்கு ஒரு வூடு கீது,
உள்ள ஒரு ஆளு கீதுன்னு
ஒரு நெனப்பு."

சமரசம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
கஜபதி வண்டியில் ஏறவில்லை, நடந்தார்.
தேசிங்கு இஞ்சினை அணைத்து
வண்டியை அவருக்குப் பக்கத்திலேயே
தள்ளிக்கொண்டு போனார், முட்டி வலிக்கு முனகியபடி.
திட்டிக்கொண்டேதான் போனார்கள்.
பாதி எனக்குப் புரியவில்லை.

ராத்திரி டியூட்டி முடிந்து
பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டைக் கடக்கையில்
சாப்பாடு கொண்டு போகும் பையன் ஒருவன்
ஒரு சாண் தள்ளி பிரேக் அடித்தான்.
தப்பு என்னுடையதுதான், சிக்னல் பார்க்கவில்லை.
நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று
இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
"சாரிக்கா" என்றான். போய்விட்டான்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
திரும்பி வந்து திட்டுவான் என்று.